மறுபடி நீட்டிய நாடா

எண்பதுகளில் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவரைத் தெரியாதவர் இல்லை. நாட்டுக்காக ஓடி ஜெயித்தவர். ஐம்பதை நெருங்கியும் குதிகால் தரையில் படாமல்தான் நடப்பார். பதக்கத்தோடு அவர் விறைப்பாக நிற்கும் படம் கேன்டீனில் தொங்கும்.

விளையாட்டு விழாவில் அவர் மகள் ஓடுகிறாள் என்றுதான் அத்தனை கூட்டம். எல்லைக்கோட்டில் நாடாவை ஆளுக்கொரு முனையாக நானும் அவரும் பிடித்திருந்தோம். முதலில் வந்த பெண் நாடாவை இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஓடிப்போய் அதை வாங்கிவந்து மறுபடி நீட்டினார். கடைசியாக அவர் மகள் வந்துகொண்டிருந்தாள்.

“உங்க ஓட்டம் பொண்ணுக்கு வர்லியேண்ணே” என்றேன்.

“அவ மூஞ்சியப் பாரு நைனா, சிரிச்சிகினே ஓடியாறா. நான் ஓடுன காலத்துல ஒரு தபாகூட சிரிச்சதில்ல.”

அவள் நாடாவில் வந்து மோதினாள். அவரும் சிரித்தார். கேன்டீன் படத்தில் இருப்பவர்தானா இவர் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.