காலியாகத் திரும்பிய பாத்திரங்கள்

செய்தி வந்தபோது நான் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் ஒரு காலி அப்பார்ட்மென்ட்டின் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணி. ஜன்னல் வெயில் தரைவிரிப்பின் மேல் நீளமாகப் படுத்திருந்தது. மேல்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் தொலைபேசி அதிர்ந்தது. டெக்சஸிலிருந்து ரெஜினாவின் மகன் ஆன்டனி.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. திஸ் மார்னிங். தூக்கத்துலயே" என்றான். "யாருக்கெல்லாம் கால் பண்ணணும்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருந்தாங்க. அதுல உங்க நேம்தான் ஃபர்ஸ்ட்."

மூன்றாவது விசில் அதன் பிறகு வந்தது. நான் எழுந்து விளக்கைப் போடவில்லை. வெயில் மெல்லச் சுவரேறி, கூரையைத் தொட்டு, இல்லாமல் போகும்வரை அங்கேயே இருந்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு ரெஜினா ஆன்ட்டி என்றால் தேவாலயப் பாடகர் குழுவின் இரண்டாவது வரிசை நினைவுக்கு வரும். தூத்துக்குடிப் பேச்சு நினைவுக்கு வரும். எனக்கு அவர் அடுத்த மேசைக்காரர். பல்கலைக்கழகத்தின் கீழைமொழித் துறை அலுவலகத்தில் ஒன்பது வருடம் அருகருகே இருந்தோம். சியோலில் உள்ள ஓர் அமைப்பு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொரிய மொழி விரிவுரையாளர்களை ஓரிரு வருடங்களுக்கு அனுப்பும். எங்களுக்கு வருபவருக்கு வகுப்பு நேரம் ஒதுக்குவது என் வேலை. அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து ஒரு வீட்டில் குடிவைப்பது ரெஜினாவின் வேலை.

அந்த வேலையை அவர் செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு முடிவானதும் சாவியை வாங்கிக்கொண்டு போய், அந்தக் காலி வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். தொலைபேசியைக் காரிலேயே வைத்துவிடுவார். திரும்பி வந்து, வரப்போகிறவருக்கு ஒரு பக்கம் கையால் எழுதுவார். அலுவலக நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டைப் பாத்துட்டு வர்றது வேற, வீட்ல இருந்துட்டு வர்றது வேற மாலதி" என்றார்.

"ஒரு மணி நேரத்துல என்ன தெரிஞ்சிடப் போகுது?"

"நீ வந்து உக்காந்து பாரு. அப்புறம் கேளு."

நான் போகவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கோப்பில் வைப்பவள் நான்தான். ஒன்று இப்படித் தொடங்கும்: 'பத்தரை மணிக்கு வெயில் சமையலறைக்கு வரும். அதுவரை இந்த வீடு கொஞ்சம் சோகமாக இருக்கும். அது வீட்டின் சுபாவம், உங்களால் அல்ல.' இன்னொன்றில்: 'தூரத்தில் ரயில் போகும்போது அலமாரிக் கதவு ஒருமுறை முனகும். யாரும் இல்லை.' ஆதாரம் கேட்டே பழகிய எனக்கு இவை சிரிப்பைத் தந்தன. சிரித்துக்கொண்டே இரண்டு முறை படிப்பேன்.

ஓர் ஆகஸ்டில் யூன் வந்தார். நாற்பதைத் தாண்டிய, மிகவும் தாழ்ந்த குரலில் பேசும் பெண். தனியாக வருகிறாரே, துணை இருக்கட்டும் என்று ரெஜினா அவரைத் தம் சொந்தக் குடியிருப்பிலேயே ஒரு காலி வீட்டில் வைத்தார். ஆமாம், நம் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் அதே குடியிருப்புதான். ஒரு மதியம் வழக்கம்போல் உட்கார்ந்து பக்கமும் எழுதினார். 'மிக அமைதியான வீடு' என்று அதில் இருந்தது.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும், செய்தவர்கள் நீங்கள்தான். முதல் வாரமே கிழக்குப் பக்க வீட்டிலிருந்து லெமன் சாதம் போனது. மாடியிலிருந்து கேசரி. எதிர்வீட்டுத் தனலட்சுமி அக்கா ஒரு தூக்கு நிறைய கொங்குநாட்டு அரிசிபருப்பு சாதம் கொண்டுபோய், "வெறும் நெய் மட்டும் ஊத்திச் சாப்பிடுங்க, மருந்தாட்ட இருக்கும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார். யூன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் பாத்திரம் பளபளவென்று திரும்பி வந்தது, உள்ளே அழகாக வெட்டிய சோற்றுச் சுருள்களோடு. அவர்கள் ஊரிலும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். நாமும் தர மாட்டோம். ஆகவே தனலட்சுமி அக்கா அதில் தக்காளித் தொக்கு வைத்து மறுபடி அனுப்பினார். மற்ற வீடுகளும் அப்படியே.

அக்டோபர் முடிவில் ஒரு காலை யூன் எங்கள் அறைக்கு வந்து, ஒரு கடிதத்தை இரண்டு கைகளாலும் ரெஜினாவிடம் நீட்டினார். ராஜினாமா. செமஸ்டர் நடுவே அவர் போனால் கொரிய வகுப்புகள் நின்றுவிடும். அந்த அமைப்பு இனி எங்களுக்கு யாரையும் அனுப்பாது. அவருக்கும் வேறெங்கும் இடம் கிடைப்பது கடினம். இது மூவருக்கும் தெரிந்திருந்தது.

காரணத்தை மெல்லத்தான் சொன்னார். மாலை முழுவதும் சமைக்கிறார். சைவ வீடுகளுக்காக மீன் சாறு கலக்காத பொருள் தேடிக் கடை கடையாகப் போகிறார். விடியும்போதுதான் பாடம் தயாரிக்கிறார். வகுப்பில் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து நின்றுவிட்டார். இப்போதெல்லாம் நேராக வீட்டுக்குப் போவதில்லை; வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்திருக்கிறார். ஒரு கனவையும் சொன்னார். வெளியே பனி. வாசலிலிருந்து சாலை வரைக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. மூடியைத் திறந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழுகிறது. எல்லாம் அன்பானவை, அதனால் எதையும் மிதிக்க முடியவில்லை என்றார்.

"வேண்டாம் என்று சொல்லிவிடலாமே" என்றேன் நான்.

"நீங்கள் சொல்வீர்களா?" என்று கேட்டார் யூன்.

அன்று மாலை ரெஜினா அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "ஏழு பாத்திரம் திருப்பிக் குடுக்காம நிக்கு மாலதி. யாரு வெஜ்ஜு, யாரு வெங்காயம் சேக்க மாட்டாங்கன்னு செவத்துல லிஸ்ட் ஒட்டி வச்சிருக்கா. நம்ம ஆபீஸ்ல கூட இம்புட்டு ஒழுங்கா லிஸ்ட் கெடையாது." பிறகு குரல் தாழ்ந்தது. "தப்பு எம்மேலதான். நான் உக்காந்து கேட்டது மதியம்லா. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. செவரு பேசுனதக் கேட்டேன், மனுசங்களக் கேக்கல."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"விசிட்டிங் லெக்சரர்ஸ் வெளியாட்கள்கிட்ட சாப்பாடு வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னு சொல்லப் போறேன்."

"அப்படி ஒரு ரூல் இல்லையே."

"இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து இருக்கு."

ஏழு பாத்திரங்களையும் கழுவித் துடைத்து, ஒவ்வொரு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். காலியாக. உண்மையைச் சொன்னால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நான் வாதாடினேன். அவர் ஒப்பவில்லை. "அதுக்கப்புறம் அவ அந்தத் தெருவுல தலை நிமிந்து நடப்பாளா? எம்மேல கோவப்படட்டும். எனக்கு இங்க வீடு இருக்கு, சர்ச் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

கோபப்பட்டீர்கள். தனலட்சுமி அக்கா வாசலில் நின்று கேட்டது எனக்கே கேட்டது. அன்று நான் காரில் இருந்தேன். "ஏனுங்க ரெஜினா, ஒரு வாய் சோறு குடுக்கறதுக்கு ரூல் போடற ஊருங்களா இது? இல்ல, நீங்க போட்டதுங்களா?" ரெஜினா தூக்கை நீட்டியபடி, "ஆபீஸ் ரூல்தாங்க" என்று மட்டும் சொன்னார். காருக்கு வந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "தொக்கு நல்லா இருந்துச்சுன்னாவது சொல்லியிருக்கலாம்" என்றார். பெரிய ஆபீசராகிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. சில வீடுகளின் விசேஷங்களுக்கு அவருக்கு அழைப்பு வராமல் போனது. ஓய்வு பெற்று மகனோடு இருக்க, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்குப் போகும்வரை எதிர்வீட்டுக் கதவு அவருக்காகத் திறக்கவில்லை.

யூனின் கடிதம் ரெஜினாவின் மேசை இழுப்பறையில் உறையோடு கிடந்தது. அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. யூன் இரண்டு வருடத்தையும் முடித்தார். பிறகு டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அதன் பிறகு ரெஜினா எந்த வீட்டிலும் மதியத்தில் உட்காரவில்லை. மாலை ஆறு மணிக்குத்தான் போவார். பக்கங்களும் மாறின. 'மேல்வீட்டில் ஒரு குழந்தை ஏழு மணிக்கு ஓடத் தொடங்கும். ஏழரைக்குத் தூங்கிவிடும்.'

அடக்கத்துக்கு ஹூஸ்டன் போனேன். திருப்பலி முடிந்து ஆன்டனியின் வீட்டில் கூடியிருந்தபோது யூன் வந்தார். ஃப்ரீவேயில் நான்கு மணி நேரம் தனியாக ஓட்டி வந்திருந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு சிறிய எவர்சில்வர் டப்பா. யூன் நியூ ஜெர்சியை விட்டுப் புறப்பட்ட அன்று ரெஜினா அதில் ரவா லட்டு வைத்துக் கொடுத்து, 'என்னைப் பார்க்க வரும்போது காலியாகக் கொண்டுவா' என்று சொன்னாராம். பிற்பாடு இருவரும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தார்கள்.

"பல முறை கிளம்பினேன். காலியாக எடுத்துப் போக வெட்கமாக இருந்தது. ஏதாவது செய்து எடுத்துப் போகலாம் என்றால், அது அவர் சொன்னதற்கு மாறு. அப்படியே நாள் போய்விட்டது" என்றார்.

டப்பாவை ரெஜினாவின் படத்துக்கு முன்னால் வைத்து, மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டுவதுபோல் கொஞ்சம் சாய்த்தார். ஆன்டனியின் மனைவி பழக்கத்தில் ஒரு துண்டு கேக்கை எடுத்து அதில் வைக்க வந்தாள். "வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

புறப்படும்போது, நடந்ததை வெளியே சொல்ல யூனிடம் அனுமதி கேட்டேன். இனிச் சொல்லலாம், சொல்லுங்கள் என்றார். அதனால்தான் எழுதுகிறேன். தனலட்சுமி அக்கா, அப்படி ஒரு ரூல் இருக்கவே இல்லை. உங்கள் தொக்கு நன்றாக இருந்ததாம்.

அந்த டப்பாவை ஆன்டனி என்னிடம் கொடுத்துவிட்டான். என் சமையலறையில் அது காலியாக இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, மாலை ஆறு மணிக்கு ஒரு காலி வீட்டில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் ரெஜினாவிடமிருந்து எனக்கு வந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையும் என் மேசைக்கு வந்தது. கேலி செய்தவள் இப்போது சாவி வாங்கிக்கொண்டு போகிறேன். செய்தி வந்த அன்று பாதியில் நின்ற பக்கத்தைத் திரும்பி வந்து முடித்தேன். புதிய விரிவுரையாளர் நம் குடியிருப்புக்கே வந்து அதைப் படித்துவிட்டார். குக்கரைப் பற்றியும் சுவரேறும் வெயிலைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தேன்: 'அண்டை வீட்டார் ஏதாவது கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் காலியாகவே திருப்பிக் கொடுங்கள். அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.'