தத்துவ வகுப்பில் என் கச்சாயம்

துடியலூரில் யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை. எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க என்றுதான் கேட்கிறார்கள். கூட்டம் என்றால் இங்கே குலப்பிரிவு. மலேசியா என்று சொல்லி நழுவிவிடுவேன். அங்கே ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப் போனவள் நான். நாங்கள் குடியிருந்த லயத்திலும், அந்தக் கூலிக்காரர் வரிசை வீடுகளிலும், சாதி இருந்தது, உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் அதை மூடி மறைக்க அங்கே யாரும் தத்துவம் படிக்கவில்லை.

கணவர் போன பிறகு மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு மில்காரர் வீட்டு மாடியில், ஞாயிறு காலையில், வயதானவர்களுக்குத் தத்துவ வகுப்பு நடக்கிறது. கூச்சத்தில் மூன்று வாரம் வாசல்வரை போய்த் திரும்பி, நாலாம் வாரம் உள்ளே போனேன். மரத்தடியில் தனியாக நின்று யோசித்ததற்கெல்லாம் சாவதற்குள் பதில் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஓய்வுபெற்ற புரொபசர் ஒருவர் நடத்தினார். உடம்பு நானல்ல, குலம் நானல்ல என்றார். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

'நான் யார்' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். மற்றவர்கள் ஆத்மா என்று எழுதினார்கள். நான் தெரிந்ததை எழுதினேன்: பல்லடம் பக்கம் சேரியில் பிறந்து, பண்ணையத்தில் ஆள்வேலை செய்து, கப்பலேறிப் போனவர்களின் மகள். அதை உரக்க வாசித்த புரொபசரின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

வாரம் ஒரு வீட்டார் பலகாரம் கொண்டுவருவது அங்கே வழக்கம். அடுத்த ஞாயிறு என் முறை. அரிசி மாவும் வெல்லமும் போட்டு, அம்மா லயத்தில் சுட்டுத் தந்த அதே கச்சாயம் கொண்டுபோனேன். ஒருவருக்கு விரதம். ஒருவருக்குச் சர்க்கரை. போன வாரம் நாலு ஜிலேபி தின்ற அம்மாளுக்குப் பல்வலி. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் வாய் அடைத்துப்போனதைப் பார்த்தபோதுதான், எல்லாரும் ஒன்றே என்கிற பாடம் எனக்குப் புரிந்தது.

தட்டைப் புரொபசரிடம் நீட்டினேன். "ஐயா, நீங்களாச்சும் ஒன்னு எடுத்துக்குங்க."

"மனசால சாப்ட்டாச்சுங்க அம்மணி," என்றார்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்க, மூன்று கச்சாயம் தின்றேன்.

எதற்கம்மா அங்கே போகிறாய் என்கிறாள் மகள். போவதை நான் விடவில்லை. பாடம் அவர்கள் வீட்டுச் சொத்து இல்லை. இப்போது என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. அதில் என் பையை வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரி என்று பதிவு செய்யப் போனபோது, எப்போதும் கூடவே இருக்கவேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன மலேசியப் பாஸ்போர்ட் அந்தப் பையில் இருக்கிறது. ஒரு நாற்காலியில் நான், இன்னொன்றில் அது. அதைக் காட்டச் சொல்லியும் யாரும் வருவதில்லை, என் பக்கத்தில் உட்காரவும் யாரும் வருவதில்லை.