முதுகில் கோடில்லாத அணில்

மலேசியாவில், நான் வாழும் கிள்ளானில், அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது. பழுப்பு முதுகு, செங்கல் நிற வயிறு, விலாவோரம் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்து முப்பத்தாறு வருடமாக இங்கே வாழும் எனக்கு, இது அணிலே அல்ல என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு குறை போதுமானதாக இருந்தது. அந்த அற்பக் காரணத்தை வைத்துக்கொண்டு நான் செய்ததை எழுதுகிறேன். என்மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வரிசை வீட்டின் கூரையோரப் பலகை உளுத்து ஓட்டை விழுந்தது. வாசலில் நிற்கும் ரம்புத்தான் பழமரத்தின் கிளை வழியாக வந்த அணில் ஒன்று உள்ளே புகுந்து சீலிங்குக்கு மேல் கூடு கட்டியது. மின்கம்பியைக் கடித்தது, கூடத்து விளக்கு அணைந்தது. பழுது பார்க்க வந்த மணியம் இங்கேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரர். கம்பியைச் சரிசெய்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அங்கிள், ஓட்டைய இப்ப அடைக்காதீங்க லா. தாய் போயிட்டுப் போயிட்டு வருது, உள்ள குட்டி இருக்கும். ஒரு மாசம் பொறுங்க. குட்டி ஓடுனதும் கிளைய வெட்டிட்டு கம்பிவலை அடிச்சுத் தரேன்."

"இது அணிலே இல்லப்பா, எலி ஜாதி. எங்க ஊர் அணிலுக்கு முதுகுல ராமர் போட்ட கோடு இருக்கும்."

"பாலம் கட்டுறப்ப இதுக்கு லீவு கெடைக்கல போல அங்கிள்!"

என் மனைவி சாந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் கிள்ளானில் பிறந்தவள். எனக்குச் சுருக்கென்றது.

சிறுவயதில், தஞ்சாவூரில், அணில்மீது கல்லெறிந்ததற்காக அப்பா என்னைப் புளிய விளாறால் அடித்தார். அதே அப்பா மாலைதோறும் எலிப்பொறி வைப்பார். காலையில் பொறியோடு வாளித் தண்ணீரில் அமுக்குவார். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரக்கம் என்று நாம் பெருமை பேசுவது இதைத்தான். யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்ட வேண்டாம் என்று முன்பே பட்டியல் போட்ட இரக்கம். என்னைப் போல் கடல் தாண்டி வந்தவர்களே, நாம் அந்தப் பட்டியலையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தோம். இங்குள்ள மல்லிகைக்கு மணம் இல்லை என்றோம், இங்குள்ளவர்கள் பேசுவது தமிழே இல்லை என்றோம். சம்பளத்தை மட்டும் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை, தாய் அணில் இரை தேடப் போன நேரம் பார்த்து, ஓட்டைமேல் தகரத்தை வைத்து நானே ஆணி அடித்தேன். அது திரும்பி வந்து பகல் முழுவதும் தகரத்தைப் பிறாண்டியது. நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் பூஜையறைக்கு மேலே கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்டது.

"மேல ஏதோ கத்துது. உங்களுக்குக் கேக்கல?" என்றாள் சாந்தா.

"இல்லையே" என்றேன்.

எனக்குக் கேட்டது. இரண்டு நாளும் கேட்டது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் காலை சத்தம் மிகவும் தேய்ந்துவிட்டது. வாசலுக்குப் போன சாந்தா தகரத்தைப் பார்த்துவிட்டாள். மணியத்துக்குப் போன் செய்த பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"கோடு இல்லன்னா உயிர் இல்லையா? முப்பது வருசமா என்னையும் அப்படித்தான் பாத்தீங்க. நான் பேசுனா தமிழ் இல்ல, சாம்பார் வச்சா சாம்பார் இல்ல. சிரிச்சுக்கிட்டே இருந்தேன்ல? இதுக்குச் சிரிக்க மாட்டேன்."

மணியம் தகரத்தைப் பிடுங்கினார். மூன்று குட்டிகள், இரண்டு செத்திருந்தன, ஒன்று அசைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எதையும் தொடாதீங்க அங்கிள். தாய் இன்னும் மரத்துலதான் இருக்கு. அதுவே வந்து எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, கூட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பல்பை எரியவிட்டார். வெளிச்சம் இருந்தால் தாய் அங்கே தங்காது, குட்டியோடு வேறிடம் போய்விடும் என்றார். நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். ஒரு மணி நேரத்தில் அது வந்தது. உயிரோடிருந்ததை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது. உள்ளே போய் வெறும் வாயோடு வெளியே வந்தது. இன்னொரு முறையும் வந்து, அப்படியே போனது.

சாயங்காலம்வரை காத்திருந்து, அது இனி வராது என்று உறுதியான பின் மணியம் கம்பிவலையை அளவெடுத்து வெட்டினார். செத்தவற்றை நானே எடுப்பதாகச் சொன்னேன். "வேணாம் அங்கிள், இந்த வயசுல" என்றார். நான் கேட்கவில்லை. ஏணியில் ஏறி ஓட்டைக்குள் தலையை நுழைத்தேன். என் தலையும் ஒரு கையும் கூரைக்குள் இருந்தன. இடுப்புக்குக் கீழே வெளியே, காற்றில் வேட்டி படபடத்தது. உள்ளங்கையில் அந்த இரண்டும் எடையே இல்லாமல் கிடந்தன. மேலே ஏறவும் முடியவில்லை, இறங்கவும் மனம் வரவில்லை. கீழே யாரோ ஏணியை இறுகப் பிடித்திருப்பது தெரிந்தது. ஓட்டையின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். சாந்தாதான். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.