கடலின் சூட்டைப் பார்த்தவர்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், ஓர் ஓகஸ்ட் மாதம் அவரைச் சந்தித்தேன். தலையில் வெள்ளைத் தொப்பி, நகங்களுக்குள் தோட்டத்து மண். வெங்காயம் செய்பவராம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியைத் திறந்து, கடலின் சூட்டையும் மேகங்களையும் காட்டும் படத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“தோட்டக்காரருக்குக் கடல்ல என்ன வேலை, நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“தென்மேற்கால வீசுற இந்தச் சோளகக் காத்து கடல்ல அள்ளுற தண்ணிய எங்கட தலைக்கு மேலால கொண்டு போய் மலையிலதான் கொட்டும், தங்கச்சி. ஆனா இந்தக் கிழமை எங்கட கடல் நல்லாச் சூடேறியிருக்கு. மேகம் மலை வரைக்கும் பொறுக்காது, இங்கயே கொட்டிரும்.”

வெளியே வெயில் கொளுத்தியது. படத்தில் மேகம் கரையை நெருங்குவதைக் கண்டவர் துள்ளி எழுந்தார்.

“டிரைவர், நிப்பாட்டுங்க! வெங்காயம் வெளியில காயுது!”

நுரைச்சோலையில் அவர் இறங்கி ஓட, என்ன நினைத்தேனோ, நானும் பின்னால் ஓடினேன். அவர் மனைவியோடு சேர்ந்து தறப்பாளை இழுத்து வெங்காயத்தை மூடினோம். கடைசி மூலைக்குக் கல் வைக்கும்போதே கடல் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது.

அவர் நனைந்தபடியே நின்று சிரித்தார். “பாருங்க தங்கச்சி, கடலே எழும்பி வருது!”

“மழை பாக்குற நேரமா இது? உள்ளுக்கு வாங்க!” என்று மனைவி கத்தினார்.

அவர் அசையவில்லை. ஒரு போகத்தையே அழித்திருக்கக்கூடிய மழையை ஒரு மனிதரால் எப்படி அத்தனை ஆசையோடு பார்க்க முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.