என் தங்கையின் இடது கை

குதிரைக்கு லாடம் அடிப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு, குதிரைக்கு லாடமே வேண்டாம் என்று சொல்கிற தங்கை வாய்த்தாள். என் வாயில் மண்ணைப் போட வெளியாள் யாரும் வரவேண்டியதில்லை.

அவள் டைல்ஸ் பதிப்பவள். ஒரு குதிரையேற்றப் பள்ளியில், குதிரைகளைக் குளிப்பாட்டும் முற்றத்துக்குத் தளம் போடப் போனாள். நாலு நாள் வேலை. ஐந்தாம் நாளும் போனாள், குதிரைகளைப் பார்க்க. அப்புறம் விடிந்தால் சவாரி, பகலில் டைல்ஸ், சாயங்காலம் மறுபடி லாயம் என்று ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் அங்கிருந்த ஐந்து குதிரைகளையும் முதலாளியம்மா அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். அதில் ஒரு பழுப்புப் பெண்குதிரைக்கு ‘மாமியார்’ என்று இவள்தான் பேர் வைத்தாள். யார் எதைச் செய்தாலும் அதற்குத் திருப்தி கிடையாது.

ஒருநாள் மாமியாரின் லாடம் கழன்று விழுந்தது. விழுந்தது சும்மா விழவில்லை, குளம்பின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அங்கேயும் லாடம் அடிப்பவன் நான்தான் என்பதால், புது லாடத்தோடு போய் நின்றேன். தங்கை குளம்பைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, சுவத்துல ஒரே எடத்துல எத்தனை தடவைதான் ஆணி அடிப்ப? உதிராம என்ன செய்யும்?"

"அடிக்கலன்னா கல்லு குத்தும்டி."

"பழக்கினா குத்தாது. வெறுங்காலோட இருக்கட்டும். குளம்ப நானே சீவிக்கிறேன்."

லாடமில்லாத குதிரையில் ஆட்களை ஏற்ற முதலாளியம்மாவுக்குப் பயம். ஆனாலும் இவள் நச்சரிப்பு தாங்காமல் ஆறு மாதம் கெடு கொடுத்தார். கெடு முடிந்ததும் கால்நடை டாக்டர் முன்னால் ஐந்து குதிரைகளும் தார் ரோட்டில் ஓடிக் காட்ட வேண்டும். ஒன்று நொண்டினாலும் ஐந்துக்கும் லாடம், பொறுப்பும் வேறு ஆளுக்கு. அவள் சட்டென்று சரி என்றாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்தக் குதிரைகள் கையை விட்டுப் போனால் அவள் பாதி ஆளாகிவிடுவாள்.

ஐந்து குதிரைகளின் லாடங்களையும் கழற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சரளைக்கல் கொட்டினாள். தாகமெடுத்தால் அதன்மேல் நடந்துதான் ஆகவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குளம்பையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அரத்தால் ராவி, ஓரத்தை மழுக்கிவிடுவாள். முதல் மாதம் குதிரைகள் சுடுமணலில் நடப்பவர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்தன. நான்காம் மாதம் அதே சரளையில் தடதடவென்று ஓடின. நான் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. எனக்கு அவ்வளவு கொழுப்பு.

ஐந்தாம் மாதம் மாமியார் இடது முன்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது.

"லாடம் போட்டுரலாம்" என்றேன். குளம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றாள். அப்புறம் டைல்ஸ் பையிலிருந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து, தான் போட்ட தளத்தின்மேலேயே வைத்துப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

"கூடம் கோணலான்னுதான் பாக்குறேன். பாத்துட்டு நீ பேசு."

தளம் கச்சிதமாக இருந்தது. குதிரையை அதன்மேல் நேராக நிறுத்தினாள். இரும்பு ஸ்கேலால் குளம்பின் இரண்டு பக்க உயரத்தையும் அளந்தாள். இடது பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு. அடுத்த காலிலும் இடது பக்கம்தான் குறைவு. நான்கு கால், ஐந்து குதிரை, இருபது குளம்பும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன.

"தண்ணி ஓட வாட்டம் குடுத்த மாதிரி இருக்கு" என்றவள், தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "குதிரை முகத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு குனியிறேன். அதோட இடது பக்கம் என் வலது கைக்கு நேரா வருது. அரம் அங்கதான் அழுந்துது. கோணல் என் கைலதான்."

அன்றைக்கே இடது கைக்கு மாறினாள். பல் தேய்ப்பது, தலை வாருவது, டீ ஆற்றுவது எல்லாம் இடது கையில். டீ பாதிக்கு மேல் தரைக்குத்தான் போனது. ஒரே நாளில் சமப்படுத்தினால் மூட்டு தாங்காது என்று, நாலு நாளைக்கு ஒருமுறை அரிசி உமி கனத்துக்குத்தான் ராவினாள்.

கெடு நாளன்று டாக்டர் ரோட்டோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு குதிரையாக ஓடவிட்டுப் பார்த்தார். மாமியாரைக் கடைசியாக ஓட்டினாள். டக் டக் டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம். திரும்பும் இடம் வந்தது; நொண்டல் இருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். சத்தம் மாறவில்லை.

"எந்தக் கால்ல கோளாறுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

முதலாளியம்மா லாயத்துச் சாவியை எடுத்து அவளிடமே நீட்டினார். என் தங்கை! அங்கிருந்த எல்லோரிடமும் அவள் என் தங்கை என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கெல்லாம் அது முன்னமே தெரியும்.

மறுநாள் என் பட்டறைக்கு வந்தாள், பையில் ரசமட்டத்தோடு. என் சொந்தக் குதிரைக்கு ஒன்பது வருடமாக நான்தான் லாடம் அடிக்கிறேன். ஒரு லாடத்தைக் கழற்றச் சொன்னாள். அளந்தாள். ஸ்கேலை என்னிடம் நீட்டினாள்.

இடது பக்கம் இரண்டு நூல் குறைவு. இத்தனை வருடம் இரும்பு அதை மறைத்திருக்கிறது. மாமியாரின் குளம்பில் எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ராவிய குளம்பெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. மற்ற மூன்று லாடங்களையும் நானே கழற்றிப் போட்டேன்.

"இந்தா, நீயே சீவி விடு" என்று குளம்பைத் தூக்கிப் பிடித்தேன்.

"உன் குதிரை. நீயே பண்ணு" என்று அரத்தை என் இடது கையில் வைத்தாள்.