குடை வைத்த சீட்

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. காதல் கதைகள் என்றால் உயிர். கணவர் இறந்த பிறகு அவைதான் துணை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்குப் போனால் பழைய புத்தகக் கடைக்குள் நுழையாமல் திரும்பமாட்டேன். ஆனால் எல்லாக் கதையிலும் காதலிக்கிறவளுக்கு இருபது வயது. என் வயதுக்காரி வந்தால் அந்தக் காதலுக்குக் குறுக்கே நிற்பாள், இல்லையென்றால் செத்துப்போவாள்.

போன மாதம் கடைக்காரரிடம் எரிச்சலோடு கேட்டேன். "வயசானவங்க காதலிக்கிற கதையே இல்லையாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பக்திப் புத்தகத்தை நீட்டினார். பக்கத்தில் நின்ற, தலை நரைத்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கெடச்சா எனக்கும் சொல்லுங்க. பொஞ்சாதி போனதுலருந்து நானும் அதத்தான் தேடுறேன்" என்றார்.

வீடு திரும்ப பஸ்ஸில் ஏறினால் அவர் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் தன் குடையை வைத்து இடம் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் குடையை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றார். நெஞ்சு படபடத்தது. கதைகளில் படித்த அதே படபடப்பு.

"அக்கா, ஆம்பள பக்கத்துல எதுக்கு? இங்க வாங்க!"

பின் சீட்டிலிருந்து கூப்பிட்டது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவளிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் குடையை மறுபடி அந்த சீட்டிலேயே வைத்தார். நான் இறங்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு இரண்டு தடவை கடைக்குப் போனேன். அவர் வரவில்லை. பேரைக்கூடக் கேட்டிருக்கவில்லை நான்.

நேற்று இன்னொரு கதை வாங்கி வந்தேன். இதிலும் காதலிக்கிறவளுக்கு இருபது வயதுதான். பஸ்ஸில் காதலன் பக்கத்தில் போய் உட்காருகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.