நைனா களை எடுத்த பூங்கா

மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் நான் சென்னையைச் சுற்றிப் பார்த்தேன். அம்மாவின் வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்று உத்திரமேரூரில் சொல்லி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது என்பதால் சின்னம்மா அம்மாவோடு உள்ளே இருந்தாள். நைனாவும் நானும் வெளியே. கட்டி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேனல் கட்டிதான். இதற்குப் போயா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

காலையில் சின்னம்மாவிடம் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் நடைதான். சென்ட்ரல் வாசலில் நின்று ஜனங்களைப் பார்த்தோம். மெட்ரோ சுரங்கப்பாதையில் படிக்கட்டு தானாக நகர்ந்தது. அதில் ஏற யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்று கண்டுபிடித்ததும் அலுக்கும்வரை ஏறி இறங்கினோம். நைனா ஒவ்வொரு முறையும் சேற்றில் இறங்குவதுபோல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கடற்கரை வரை நடந்து, கலங்கரை விளக்கத்தைக் கழுத்து வலிக்கக் கீழிருந்தே பார்த்தோம். டிக்கெட் கேட்கிற இடமெல்லாம் வெளியிலிருந்தே அழகு என்பது நைனாவின் கட்சி.

"உள்ள போனா மட்டும் இன்னா கீது? இதே செவுருதான் அந்தாண்டயும் கீது" என்பார். நானும் நம்பினேன்.

ஆபரேஷன் நாளன்று மட்டும் அவர் நடக்கவில்லை. முடிந்ததும் போன் செய்கிறேன் என்று சின்னம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு பீச்சு இல்லியா நைனா?"

"அது எங்க போவப் போவுது? குந்து."

எனக்குப் பெரிய பேஜாராகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது நைனா பெஞ்சில் இல்லை. புல்வெளியில் குத்துக்காலிட்டு, புல்லுக்கு நடுவே முளைத்திருந்த கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விரலால் மண்ணைக் கெல்லி, வேரோடு எடுத்து, பக்கத்தில் குவித்துக்கொண்டே நகர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் களை எடுப்பது பெண்கள் வேலை. ஆண்கள் வரப்பு வெட்டுவார்கள், நெற்கட்டு சுமப்பார்கள். களை பிடுங்கக் குனிந்தால் ஊரே கேலி பேசும். களைக்குப் போகும் பெண்களில் அம்மாதான் முதல் ஆள். அவள் காய்ச்சலில் படுத்தபோது நைனா சோறு வடித்தார், துணி துவைத்தார், களைக்கு மட்டும் போகவில்லை.

காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா புல்லைப் புடுங்கிக்கினு கீற?"

"புல்லு இல்லீங்க, கோரை" என்றார் நைனா, நிமிராமலே. "மேல கிள்ளினா போவாது. கெழங்கோட எடுக்கணும்."

"உன்ன யாரு எடுக்கச் சொன்னது?"

நைனா ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினார். "வூட்டுக்காரிக்கு ஆபரேசன் நடக்குதுங்க."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. காவலாளி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாதையில போடாத, ஓரமா போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறியது. போன் அடித்தபோது பாதிப் புல்வெளி சுத்தமாகியிருந்தது. போனைக் காதில் வைத்தபடி நைனா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில் எங்களை உள்ளே விட்டார்கள். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். நைனா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அம்மாவைச் சிரிக்கவைக்கலாம் என்று நான் போட்டு உடைத்தேன்.

"எம்மா, நைனா பார்க்குல குந்திக்கினு களை எடுத்துச்சும்மா! வாட்ச்மேன் வந்து திட்டிட்டாரு!"

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சும்மா கெட" என்றார் நைனா. அம்மா சிரிக்கவில்லை.

"கைய குடு" என்றாள் அவரிடம்.

கொடுத்தார். அம்மா விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை. அந்தக் கையை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை பேர் பார்த்தும் நைனா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தையல் வலிக்கிறது போலும் என்று நினைத்து நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.